எந்தக் கோப்பை யார் படிக்கிறார்கள்?

அன்புள்ள யாழினி,

உன் மெயில் கிடைத்தது. என் அண்ணனும் போன் செய்தார். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் கறுப்புத் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா, நீயே என்னன்னு கேளு" என்று புகார் படித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மிச்சத்தை உனக்குத்தான் எழுத வேண்டும்.

நீ எழுதிய புகார்கள் மூன்று. லேப்டாப்பில் லிப்ரே ஆபிஸை மெனுவில் கிளிக் செய்து திறந்தால் தமிழ் அடிக்க வரவில்லை, டெர்மினலில் பெயரை அடித்துத் திறந்தால் வருகிறது. ஏதோ ஒரு மென்பொருளை நிறுவிய பிறகு, வெளியிலிருந்து லேப்டாப்புக்குள் எஸ்எஸ்எச் வழியாக வந்தால் உன் சுருக்கக் கட்டளைகள் எதுவும் இல்லை. தவளக்குப்பம் சிக்னல் பக்கத்தில் அண்ணன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், வாடிக்கையாளர்கள் விட்டுப்போகும் ஆதார் நகல்களையும் மார்க் ஷீட்டுகளையும் தினமும் அழிக்க நீ எழுதிய வரி ஒருநாளும் ஓடவில்லை. மூன்று இடத்திலும் நீ செய்தது ஒன்றே. எழுத வேண்டியதை எல்லாம் டாட் பாஷ்ஆர்சி என்ற ஃபைலின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறாய். (ஃபைல் பெயர்களை வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். "டாட்" என்று வந்தால் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி என்று படித்துக்கொள்.)

அந்த ஃபைலை யார் படிக்கிறார்கள் என்று நீ கேட்டுக்கொள்ளவே இல்லை. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் தொடக்க ஃபைல்களை ஒழுங்கு செய்வதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்: எந்தக் கோப்பை எந்தப் புரோகிராம் படிக்கிறது, எப்போது படிக்கிறது, எத்தனை முறை படிக்கிறது?

முதலில் தமிழ் விஷயம். தமிழ் உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் வேலை செய்ய மூன்று சூழல் மாறிகள் வேண்டும் என்று எங்கோ படித்து அவற்றைப் பாஷ்ஆர்சியில் எழுதினாய். சூழல் மாறி வானத்தில் தொங்குகிற பொருள் இல்லை. ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது, தன்னிடம் இருக்கும் மாறிகளின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. அதற்கு மேல் இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. டெர்மினல் ஜன்னலைத் திறந்ததும் அதற்குள் ஒரு பாஷ் ஷெல் ஓடத் தொடங்குகிறது. அது பாஷ்ஆர்சியைப் படிக்கிறது. அங்கிருந்து நீ திறக்கும் லிப்ரே ஆபிஸுக்கு மூன்று மாறிகளும் போய்ச் சேருகின்றன. மெனுவிலிருந்து திறக்கும்போது அதைத் தொடங்கி வைப்பது டெஸ்க்டாப். நீ பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்த நொடியிலிருந்து டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஷ்ஆர்சி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

உன் லேப்டாப்பில் இருப்பது சுபுண்டு. அதில் லாகின் திரைக்குப் பின்னால் இருக்கும் லைட்டிஎம், உன் டெஸ்க்டாப்பைத் தொடங்குவதற்கு முன் டாட் ப்ரொஃபைல் என்ற ஃபைலைப் படிக்கிறது. மூன்று வரிகளையும் அங்கே மாற்றி, வெளியேறி, மறுபடி லாகின் செய். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கென்றே உபுண்டு வகைகளில் ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறது. அதை ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வரியும் வேண்டியதில்லை. கையால் எழுதுவதற்கு முன், வீட்டில் ஏற்கெனவே அதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்.

இரண்டாவது புகார் கொஞ்சம் நுணுக்கமானது. பாஷ் இரண்டு விதமாகத் தொடங்கும். லாகின் ஷெல்லாகத் தொடங்கினால் முதலில் ஈடிசி டைரக்டரியில் இருக்கும் பொதுவான ப்ரொஃபைலைப் படிக்கும். பிறகு உன் டைரக்டரியில் டாட் பாஷ்-ப்ரொஃபைல், டாட் பாஷ்-லாகின், டாட் ப்ரொஃபைல் என்ற இதே வரிசையில் தேடும். முதலில் எது கிடைக்கிறதோ அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். லாகின் இல்லாமல், நீ தட்டச்சு செய்வதற்காகத் திறக்கும் சாதாரண ஷெல் என்றால் டாட் பாஷ்ஆர்சியைப் படிக்கும். டெபியனும் உபுண்டுவும் தரும் டாட் ப்ரொஃபைலுக்குள், "ஓடுவது பாஷ் என்றால் பாஷ்ஆர்சியையும் படி" என்று ஒரு வரி உண்டு. அதனால்தான் எஸ்எஸ்எச் வழியாக வந்தாலும் இதுவரை உன் சுருக்கங்கள் கிடைத்தன.

நீ நிறுவிய மென்பொருளின் வழிகாட்டி, "இந்த வரியை டாட் பாஷ்-ப்ரொஃபைலில் சேர்" என்று சொல்லியிருக்கும். உன்னிடம் அந்த ஃபைலே இல்லை, ஆகவே புதிதாக உருவானது. அது உருவான நொடியிலிருந்து பாஷ் லாகின் ஷெல் டாட் ப்ரொஃபைலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ப்ரொஃபைல் ஓடாததால் பாஷ்ஆர்சியும் ஓடவில்லை. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இப்படிப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் மேக் கணினியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு ஜன்னலையும் லாகின் ஷெல்லாகவே திறக்கும். 2019ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து அங்கேயும் இயல்பு ஷெல் பாஷ் இல்லை, இசட்எஸ்எச். அதற்கு ஃபைல்களே வேறு. அந்தப் பாஷ்-ப்ரொஃபைலில் இருக்கும் ஒற்றை வரியை ப்ரொஃபைலுக்கு மாற்றிவிட்டு அந்த ஃபைலை அழித்துவிடு.

ஏன் இவ்வளவு குழப்பம் என்று நீ கேட்பாய். யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டமிடவில்லை, அதனால்தான். 1960களில் எம்ஐடியில் வேலை பார்த்த லூயி பூசேன் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வரிசையாக ஓட்ட ரன்காம் என்ற புரோகிராமை எழுதினார். பாஷ்ஆர்சியின் வாலில் இருக்கும் "ஆர்சி" அங்கிருந்து வந்ததுதான். ஷெல் என்ற பெயரும் அவர் வைத்ததே. பிறகு பிரான்சுக்குத் திரும்பி சைக்ளாடிஸ் வலைப்பின்னலைக் கட்டினார். இன்றைய இணையத்தின் அடிப்படைகளில் அதற்கும் பங்குண்டு. உங்கள் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு பிரெஞ்சுப் பெயர்ப் பலகை இருக்கிறது, இந்த மனிதரின் பெயரில் ஒன்று வைத்தால் நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

1979ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் போர்னின் ஷெல் டாட் ப்ரொஃபைலைப் படித்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், லாகினுக்கு ஒரு ஃபைல், ஒவ்வொரு ஷெல்லுக்கும் ஒரு ஃபைல் என்று பிரித்தது. 1989ல் வந்த பாஷ் இரண்டு வழக்கங்களையும் சேர்த்துக்கொண்டது. பெயருக்கு முன்னால் இருக்கும் புள்ளிகூடத் தற்செயல்தான். பட்டியலில் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு டைரக்டரிப் பெயர்களை மட்டும் மறைக்க நினைத்தவர்கள், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்து நிறுத்திவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன என்று ராப் பைக் 2012ல் எழுதியிருந்தார். கண்ணுக்குத் தெரியாததால் வீட்டு டைரக்டரியில் குப்பை சேர்ந்துகொண்டே போனது. உன் டைரக்டரியில் மறைந்த ஃபைல்களையும் சேர்த்து ஒருமுறை பட்டியல் போட்டுப் பார், நான் சொல்வது புரியும்.

சரி, எதை எங்கே வைப்பது? கட்டளைகளைத் தேடும் பாதை, மொழி அமைப்பு, தமிழ் உள்ளீடு, பிடித்த எடிட்டரின் பெயர் இவையெல்லாம் குழந்தைப் புரோகிராம்களுக்கும் போய்ச் சேர வேண்டியவை. ஒருமுறை சொன்னால் போதும். ஆகவே ப்ரொஃபைலில். சுருக்கக் கட்டளைகள், கட்டளை வரியின் முகப்பு, டேப் தட்டினால் பெயரை நிரப்பும் வசதி ஆகியவை நீ உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது மட்டும் தேவை. அவை பாஷ்ஆர்சியில். தேடும் பாதையை நீ பாஷ்ஆர்சியில் நீட்டி வைத்திருக்கிறாய். ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் அதே டைரக்டரி மறுபடி மறுபடி ஒட்டிக்கொண்டு பாதை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. அதையும் ப்ரொஃபைலுக்கு மாற்று.

ப்ரொஃபைலில் எழுதும்போது மட்டும் பாஷுக்கே உரிய வசதிகளை மறந்துவிடு. லைட்டிஎம் அதைப் படிப்பது பாஷ் மூலமாக இல்லை. உபுண்டுவில் 2006 முதல் "எஸ்எச்" என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்ற சிறிய ஷெல். அதற்கு இரட்டைச் சதுர அடைப்பு தெரியாது, அணி வரிசை தெரியாது. புரியாத இலக்கணத்தைக் கண்டால் பாதியில் நின்றுவிடும். பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் திரை ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் திரைக்கே திரும்பினால், பெரும்பாலும் ப்ரொஃபைலில் மூடாத மேற்கோள் குறி ஒன்று இருக்கும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு வா. அண்ணனிடம் "ஃபார்மட் பண்ணணும்" என்று போய் நிற்காதே.

பாஷ்ஆர்சியில் நீ சேர்த்த அந்தத் திருக்குறளையும் எடுத்துவிடச் சொல்வேன். திறக்கும்போதெல்லாம் ஒரு குறள் காட்டுவது அழகுதான், மறுக்கவில்லை. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் சர்வரின் பாஷ்ஆர்சியில் முதல் வரியாக "வருக" என்று அச்சிட வைத்தார். அன்று இரவு பேக்கப் நின்றது. அங்கே பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் என்ற புரோகிராமை எஸ்எஸ்எச் வழியாகத்தான் ஓட்டினார்கள். அப்படி வரும் கட்டளைக்கும் பாஷ் அந்த ஃபைலைப் படிக்கும். எதிர்முனையில் ஆர்சிங்க் தன் நெறிமுறையின் எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்க, அதன் வாயில் "வருக" போய் விழுந்தது. அப்போது அது காட்டும் பிழைச் செய்தியில், உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வியே வரும். அந்தக் கேள்வியைக் கிண்டல் என்று நினைத்து, நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருந்தார்கள். டெபியன் தரும் பாஷ்ஆர்சியின் தொடக்கத்திலேயே, மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஷெல் இல்லையென்றால் இத்தோடு திரும்பிவிடு என்று ஒரு சோதனை இருக்கும். அதை அழிக்காதே, அதற்கு மேலே எதையும் எழுதாதே. குறள் வேண்டுமென்றால் அதற்குக் கீழே வைத்துக்கொள். எடுக்கச் சொன்னது என் ருசி, கீழே வைக்கச் சொல்வது விதி.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் விஷயமும் இதே வகைதான். டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லை என்று என்னிடம் வராத புதுப் பையன்களே இல்லை. கிரான் உன் தொடக்க ஃபைல்கள் எதையும் படிப்பதில்லை. டெபியனில் அது தரும் தேடும் பாதையில் இரண்டே டைரக்டரிகள். ஸ்கிரிப்டுக்கு என்ன வேண்டுமோ அதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுது.

இனி கடைக் கம்ப்யூட்டர். அழிக்கும் வரியைப் பாஷ்ஆர்சியில் எழுதினாயே, அண்ணன் டெர்மினலைத் திறக்கிற ஆளா? திறக்காததும் நல்லதாகப் போயிற்று. நீ எழுதியிருப்பது, டவுன்லோட்ஸ் டைரக்டரிக்குள் போ, பிறகு எல்லாவற்றையும் அழி என்று இரண்டு தனித்தனிக் கட்டளைகள். முதலாவது தோற்றால் இரண்டாவது நின்ற இடத்திலேயே ஓடும். நின்ற இடம் அண்ணனின் வீட்டு டைரக்டரி, அதில்தான் கடைக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஷெல்லுக்கும் ஓடுகிற ஃபைலில் அழிக்கும் கட்டளை எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது.

கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் திரும்ப எழும்போது யாரும் லாகின் செய்யாமலே ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால், அது ஷெல்லின் பேச்சே இல்லை, கணினியின் தொடக்கத்தைப் பற்றிய பேச்சு. பழைய புத்தகங்கள் ஈடிசியில் ஆர்சி-லோக்கல் என்ற ஃபைலில் எழுதச் சொல்லும். டெபியன் வகைகளில் இப்போது அந்த ஃபைல் இயல்பாக வருவதில்லை. நீயே உருவாக்கி, இயக்கும் அனுமதியும் கொடுத்தால் இன்றும் ஓடும். எனக்கு அது பிடிக்காது. எது எதற்கு முன் ஓட வேண்டும், தோற்றால் என்ன செய்வது என்று சொல்ல அதில் இடமில்லை.

பழைய சிஸ்டம்-ஐந்து முறையில் கணினியின் ஒவ்வொரு இயக்க நிலைக்கும் ஒரு டைரக்டரி இருக்கும். உள்ளே எஸ் என்று தொடங்கும் பெயர்கள் தொடங்க, கே என்று தொடங்கும் பெயர்கள் நிறுத்த. எழுத்தை அடுத்து இரண்டு இலக்க எண், அந்த எண் வரிசையில்தான் ஓடும். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் வைப்பது அங்கே இருந்த நல்ல பழக்கம். தவளக்குப்பத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட நகர்களில் இடைவெளி விடாமல் கதவு எண் கொடுத்துவிட்டு, பிறகு 12ஏ, 12பி, பழைய எண், புதிய எண் என்று கூரியர் பையனை அலையவிடுகிறார்கள் இல்லையா, அந்த அவஸ்தை வராமலிருக்கத்தான்.

அந்த முறைக்குப் பதிலாக 2010ல் சிஸ்டம்டி வந்தது, 2015ல் டெபியன் 8 அதையே இயல்பாக எடுத்துக்கொண்டது. சிஸ்டம்டியில் வரிசை எண் இல்லை. எனக்கு முன் நெட்வொர்க் வேண்டும், இந்த டிஸ்க் இணைந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சேவையும் தன் தேவையைத் தானே சொல்லும். இதில் நீ பழக வேண்டியது ஒன்று: பேக்கேஜ் கொண்டுவந்து வைத்த ஃபைலில் கை வைக்காதே. அடுத்த அப்டேட் அதை மேலெழுதிவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று சேவையின் பெயரோடு கொடுத்தால், ஈடிசிக்குள் அந்தச் சேவைக்கென்று தனி டைரக்டரியும் ஒரு சிறு ஃபைலும் உருவாகும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுது. எது ஊரிலிருந்து வந்தது, எது நம் கைவேலை என்று ஒரு வருஷம் கழித்தும் தெரியும்.

ஆனால் கடை வேலைக்குச் சேவையும் வேண்டாம், ஸ்கிரிப்டும் வேண்டாம். சிஸ்டம்டியோடு வரும் டெம்ப்ஃபைல்ஸ் வசதியில், இந்த டைரக்டரியில் ஒரு நாளுக்கு மேல் பழையதானவற்றை நீக்கு என்று ஒரே வரி எழுதினால் போதும். கம்ப்யூட்டர் எழுந்து கால் மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு ஓடிக்கொண்டிருந்தால் நாளுக்கு ஒருமுறை அதுவே துப்புரவு செய்யும். வாடிக்கையாளர் ஃபைல்களுக்கென்று தனி டைரக்டரி வைத்து, பிரவுசரும் வாட்ஸ்அப்பும் அங்கேயே சேமிக்கும்படி மாற்றிவிடு. ஊராரின் ஆதார் நகல் அண்ணன் கடையில் மாதக்கணக்கில் கிடப்பது நல்லதில்லை.

ஷெல் ஃபைலையும் துண்டு துண்டாகப் பிரிக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஈடிசியில் ப்ரொஃபைல்-டி என்ற டைரக்டரியைப் பார்த்திருப்பாய். ஒவ்வொரு பேக்கேஜும் தன் துண்டை அங்கே வைக்கும், பொது ப்ரொஃபைல் எல்லாவற்றையும் பெயர் வரிசையில் படிக்கும். பல பேர் ஒரே ஃபைலில் எழுத வேண்டிய இடத்துக்கு அது சரி. உன் பாஷ்ஆர்சியில் எழுதுவது நீ ஒருத்தி. நூறு வரிக்குள் இருக்கும்வரை ஒரே ஃபைல் போதும், நடுவில் தமிழில் குறிப்பு எழுதிப் பகுதி பிரி. கல்லூரியிலோ எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் கூட்டத்திலோ யாராவது தன் எழுநூறு வரிக் கட்டமைப்பைப் பென்டிரைவில் கொடுத்தால் வாங்கிப் படி, அப்படியே போடாதே. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று சொல்ல முடிந்தால் அந்த வரியை எடுத்துக்கொள். அடிப்படை தடுமாறினால் கணியம் வெளியிட்ட து. நித்யாவின் "எளிய தமிழில் க்னு/லினக்ஸ்" என்ற நூல் இருக்கிறது, இலவசம்தான்.

மாற்றம் செய்யும்போதெல்லாம் இன்னொரு டெர்மினலைத் திறந்தபடியே வைத்துக்கொள். எழுதி முடித்ததும் பாஷுக்கு "என்" என்ற விருப்பத்தைக் கொடுத்து ஃபைலின் இலக்கணத்தை மட்டும் சோதி, பிறகு புது ஜன்னலில் திறந்து பார். எல்லா ஃபைல்களையும் கிட்டில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், நல்ல காரியம். ஆனால் அந்தப் பாஷ்ஆர்சியில் பதினான்காம் வரியில் உன் ஏபிஐ சாவி இருக்கிறது, களஞ்சியம் கிட்ஹபில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இப்போது அந்த வரியை அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். சாவியை ரத்து செய்து புதிதாக ஒன்று வாங்கு. புதியதைக் கிட் தொடாத தனி ஃபைலில், நீ மட்டும் படிக்கும் அனுமதியோடு வை. தமிழ் விசைப்பலகை ஒரு வாரம் காத்திருக்கலாம், இதை இன்றைக்கே செய்துவிடு.

அன்புடன்,
அத்தை
சென்னை